வானத்துக் கண் யார் பக்கம்?

“கிணறு வற்றிவிட்டது, பயிர் பழுத்துப் போகிறது” என்று முறையிடுகிறான் உழவன். “மழை பொய்த்தது, சுரங்கத்தின்மீது பழி போடாதே” என்கிறது நிர்வாகம். “சாட்சி உண்டா?” என்று கேட்கிறது அலுவலகம். வெடித்த நிலமும் வெறுங்கையும் தவிர, வேறென்ன சாட்சி வைத்திருப்பான் அந்த ஏழை?

நிலக்கரி வெட்டும் ஊர்களில் எல்லாம் நடக்கும் வழக்கு இது. நம் நெய்வேலியும் விலக்கல்ல.

1956-இல் நிறுவனம் அமைந்தது; 1957-இல் வெட்டும் பணி தொடங்கியது. நெய்வேலி தந்த ஒளியை நாம் மறுக்கவில்லை. பாட்டாளியின் வியர்வையில் பிறந்த ஒளி அது! ஆனால் பழுப்பு நிலக்கரியை எடுக்க, மேலே கிடக்கும் மண் முழுவதையும் அகற்றியாக வேண்டும். அந்த மண் மலையாகக் குவிகிறது. கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிறது ஊற்றுநீர். அதை இரவு பகலாக இறைத்துக் கொட்டாவிட்டால் சுரங்கத் தரையே பொத்துக்கொள்ளும். அந்த நீரோட்டம் சுரங்க வேலியோடு நின்றுவிடுமா?

2023 ஜூலையில் வளையமாதேவியில் என்ன நடந்தது? நெற்பயிர் நின்ற வயலில் வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. “நிலம் எப்போதோ எடுக்கப்பட்டது” என்றது நிறுவனம். “பயிர் எங்கள் உழைப்பு” என்றனர் உழவர். உயர்நீதிமன்றம் தலையிட்டு, ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தரச் சொன்னது.

எந்த ஏக்கரில் எவ்வளவு பயிர் நின்றது? இதைச் சொல்ல இன்று ஒரு கருவி உண்டு. அதுதான் டிரோன், ஆளில்லாமல் பறக்கும் சிறு விமானம்.

சென்டினல்-2 என்னும் செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர் சதுரம். அதில் வரப்பு தெரியாது. தாழப் பறக்கும் டிரோன் படத்திலோ ஒரு புள்ளி சில சென்டிமீட்டர்தான். ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்த படங்களைக் கணிப்பொறி ஒட்டித் தந்தால் வயலின் மேடு பள்ளம்கூடத் தெரியும். செழித்த இலை, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். நலிந்த இலை அவ்வளவு அனுப்பாது. அதைப் பதிவு செய்யும் கேமராவும் உண்டு.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. பயிர் வாடியதைப் படம் காட்டும். யாரால் வாடியது என்று காட்டாது. பூச்சியாலும் வாடும், வறட்சியாலும் வாடும். ஆகவே சுரங்கம் நெருங்குமுன் எடுத்த படம் வேண்டும். ஆண்டுதோறும் எடுத்த படம் வேண்டும். பக்கத்தில் கிணற்று நீர்மட்டக் கணக்கும் மண் சோதனையும் வேண்டும். வெள்ளம் வந்தபின் அணை போட்டுப் பயன் என்ன?

சட்டம் என்ன சொல்கிறது? 2021 நவம்பரில் மத்திய சர்க்கார் கனிமப் பாதுகாப்பு விதிகளைத் திருத்தியது. 50 ஹெக்டேரோ அதற்கு மேலோ பரப்புள்ள சுரங்கக் குத்தகைதாரர், குத்தகை நிலத்தையும் அதற்கு வெளியே 100 மீட்டர் வரையும் டிரோனால் படமெடுத்து ஆண்டுதோறும் தரவேண்டும் என்றது. மெத்தச் சரி! ஆனால் அந்த விதிகளுக்குள் நிலக்கரியும் வராது, பழுப்பு நிலக்கரியும் வராது. சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு நீதி, கரிக்கு ஒரு நீதியா?

நிலக்கரிச் சுரங்கங்களில் டிரோன் பறக்காமல் இல்லை. எத்தனை கனமீட்டர் மண் எடுத்தோம் என்று அளக்கப் பறக்கிறது. எடுத்ததை அளக்கும் கண், கெடுத்ததை அளக்கக்கூடாதா?

நாம் கேட்பது மூன்று. கரிச் சுரங்கங்களுக்கும் இந்தக் கடமை வேண்டும். 100 மீட்டரோடு நில்லாமல், நீர்மட்டம் பாதிக்கப்படும் எல்லை வரை படமெடுக்க வேண்டும். படத்தின் பிரதி கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். நிர்வாகத்தின் பெட்டிக்குள் பூட்டிய படம், குருடன் கையில் கொடுத்த விளக்கு!

சுரங்கத் தொழிலாளத் தோழர்களே! நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளும் உங்களோடு உழைக்கிறார்கள். இந்தக் கோரிக்கையை உங்கள் சங்கமும் எழுப்பட்டும். மண்ணை வெட்டும் கையும் மண்ணை உழும் கையும் ஒன்றாக உயர்ந்தால், வானத்துக் கண்ணும் நீதியின் பக்கம் திரும்பும்.