கடல் உறைவதற்குள்

தோல் கோட்டை எப்போது தைத்து முடிப்பது என்று அன்று நாள் குறித்தது கடல்தான். கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் குடும்பங்கள் குளிர்காலச் சீல் வேட்டைக்காக உறைந்த கடல்மேல் குடிபோகும் முன், பெரியவர் முதல் கைக்குழந்தை வரை எல்லோருக்கும் உடுப்பு தயாராகிவிட வேண்டியிருந்தது. கடற்பனியில் போய் உட்கார்ந்து கரிபு மான் தோலைத் தைப்பது பல குழுக்களில் பெரிய விலக்காக இருந்தது. வேலையை நாளைக்குத் தள்ளிப்போடும் சுபாவத்துக்கு இதைவிட நல்ல பூட்டு கிடைக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தோலுக்கும் பருவம் உண்டு. கோடையின் தொடக்கத்தில் ஒருவகை ஈயின் புழுக்கள் மானின் முதுகைத் துளைத்து வெளியேறியிருக்கும். நடுக்குளிரிலோ ரோமம் நீண்டு தடித்துவிடும். துளைகள் ஆறி, புது ரோமம் அடர்ந்து, ஆனால் நீளாமல் இருக்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதத் தோல்தான் கோட்டுக்கு ஏற்றது. கரிபுவின் ரோமத்துக்குள் காற்றறைகள் உண்டு. குளிரைத் தடுப்பது அதில் அடைபட்ட காற்று. ரோமம் உடம்பைப் பார்க்க ஓர் உள்ளங்கி, வெளியைப் பார்க்க ஒரு மேலங்கி. முன்பக்கம் திறப்பே கிடையாது. தலைவழியாகத்தான் மாட்ட வேண்டும்.

மருந்து போட்டுப் பதனிடும் வேலையெல்லாம் இல்லை. காயவைத்து, சுரண்டி, ஈரப்படுத்தி, மறுபடி சுரண்டி, துணிபோல் மடங்கும்வரை கையாலேயே பழக்குவார்கள். பிறைவடிவ ஊலுக் கத்தியால் வெட்டுவார்கள். காகித மாதிரி எதுவும் கிடையாது. கண்ணும் சாணும்தான் அளவுகோல். நூல், மானின் முதுகுத் தசைநாரைக் காயவைத்துப் பிரித்தெடுத்த இழை. இரண்டு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து நெருக்கமாகச் சுற்றித் தைத்துக்கொண்டே போவார்கள். ஈரம் பட்டால் இழை ஊதி, ஊசித்துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். தலைமூடியின் ஓரத்துக்கு ஓநாய் அல்லது வால்வரின் என்ற விலங்கின் ரோமம். மூச்சுக்காற்று அதில் உறைந்தாலும் ஒரு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும்.

நார்வேயின் துருவப் பயணி அமுண்ட்சென் 1903 முதல் 1905 வரை கிங் வில்லியம் தீவில் தங்கி, நெட்ஸிலிக் இனுயிட்டிடம் இந்த உடுப்பின் அருமையைக் கற்றுக்கொண்டார். 1911 டிசம்பர் 14 அன்று அவர் தென்துருவத்தை அடைந்ததில் அந்தப் பாடத்துக்கும் பங்குண்டு.

இன்று கனடாவின் நூனவுட் பிரதேச ஊர்களில் கடைக்குப் போனால் தொழிற்சாலை ஜாக்கெட் கிடைக்கும். அதனால் தோல் கோட்டு தோற்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். நீண்ட தூரம் ஸ்னோமொபீலில் போகிற வேட்டைக்காரர்களில் பலர் இப்போதும் அதைத்தான் நம்புகிறார்கள். மாறிப்போனது வீடு. 1950, 60களில் மக்கள் நிலையான ஊர்களில் குடியமர்ந்தார்கள். வீடுகளுக்குள் எந்நேரமும் வெப்பம் ஓடுகிறது. பனிவீட்டுக்குள் நுழையும் முன் கோட்டைக் குச்சியால் அடித்துப் பனியை உதிர்த்து, குளிர்ந்த நடையிலேயே வைத்துவிடுவது பழைய வழக்கம். சூடான கூடத்தில் தொங்கவிட்டால் தோல் காய்ந்து, ரோமம் கொத்தாக உதிரும். அதனால் இன்று கோட்டுக்கு ஃப்ரீசரில் இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது, இறைச்சிப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில்.

இதைவிடப் பெரிய தட்டுப்பாடு மானே. 1986இல் சுமார் 4,70,000 என்று மதிப்பிடப்பட்ட பாதர்ஸ்ட் என்ற கரிபு மந்தை, 2018இல் ஏறத்தாழ 8,200 ஆகச் சுருங்கியது. பாஃபின் தீவில் 2015 ஜனவரியில் கரிபு வேட்டைக்கே தடை வந்தது; பிறகு ஆண்டுக்கு 250 கிடா மான்களுக்கு மட்டும் அனுமதி தந்தார்கள். ஒருவருக்கு முழு உடுப்புத் தைக்கவே பல தோல்கள் வேண்டும். அப்படியிருக்க, ஊரிலுள்ள எல்லோருக்கும் தோல் கோட்டு என்பது அங்கே வெறும் பேச்சுதான்.

தையல் மட்டும் நிற்கவில்லை. தசைநார் இருந்த இடத்தில் செயற்கை இழை, சிலர் கையில் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூல்கூட. இழுவைக்குத் தாங்கும், ஆனால் ஈரத்தில் ஊதித் துளையை அடைக்காது. தாயின் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய வேலைக்கு இக்காலூயிட்டில் நூனவுட் ஆர்க்டிக் கல்லூரி தனிப் படிப்பே நடத்துகிறது. துணியில் தைத்த அமாவுட்டி என்ற தாய்மார் கோட்டுகளைக் கடைவாசலிலும் பள்ளி வாசலிலும் பார்க்கலாம். முதுகுப் பையில் குழந்தை, பெரிய தலைமூடி, வெட்டு பழையதேதான். கடல் உறைவதற்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு மட்டும் யாருக்கும் இல்லை.