மாமரத்துக்கு 'மொட்டை'! காண்டிராக்டரிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

வில்லியனூர்,

"புயல் வந்தா கிளை ஓட்டு மேல விழும். கொஞ்சம் கழிச்சு விட்டுடுங்க" என்கிறார் வீட்டுக்காரர். வந்தவர்கள் மாமரத்தை மொட்டையடித்துவிட்டுக் கூலியோடு போய்விடுகிறார்கள்!

ஆறு மாதத்தில் பட்டை வெடிக்கிறது. நுனி காய்கிறது. அடியில் மரத்தூள். போன் போட்டால், "ஒரு மழை பேஞ்சா துளிர்த்துடும் சார்!" மழை பெய்கிறது. மரம் துளிர்க்கக் காணோம்!

தோட்டம் வைத்திருக்கும் யாருக்கும் நேரக்கூடிய கதை இது. 2011 டிசம்பர் 30-ந்தேதி 'தானே', 2024 நவம்பர் 30-ந்தேதி 'பெஞ்சல்'. இரண்டையும் பார்த்த வில்லியனூர், பாகூர்க்காரர்களுக்கு வீட்டோரம் மரம் நின்றாலே வயிற்றில் புளி கரைக்கும். அந்தப் பயம்தான் அரிவாள் எடுத்தவரை எல்லாம் 'காண்டிராக்டர்' ஆக்குகிறது.

வேருக்குப் பட்டினி

மரத்துக்குச் சோறு ஆக்குவது இலை. அத்தனையையும் ஒரே நாளில் வெட்டினால் வேர் பட்டினி கிடக்கும். நிழலிலேயே இருந்த பட்டை சித்திரை வெயிலில் வெந்து வெடிக்கும். வெடிப்பில் வண்டு முட்டையிடும், புழு குடையும். அடியில் கொட்டுகிற தூள் அதுதான்.

கிளை கிளம்பும் இடத்தில் மோதிரம் போல ஒரு புடைப்பு உண்டு. அதை விட்டு வெட்ட வேண்டும். அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது. புடைப்பையும் சேர்த்து அரிந்தால் காயம் மூடுவது கஷ்டம். அழுகல் உள்ளே இறங்கும்.

நம் பக்கத்தில் வெட்டுவாயில் போர்டோ பசை தடவுவார்கள். மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். (பிரான்சு நாட்டுப் போர்தோ ஊர்ச் சரக்கு, புதுச்சேரிக்கு உறவுதான்!)

கோர்ட்டுக்குப் போகலாமா?

போகலாம். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை 'சேவை'. அதில் குறை இருந்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. விவரம் கேட்க 1915-க்குப் போன் போடலாம்.

சிக்கல் சாட்சியில்! "தண்ணி தேங்கிச்சு, கரையான் அரிச்சுது" என்பார் காண்டிராக்டர். சில சமயம் அது நிஜமாகவும் இருக்கும். "மொட்டையே அடிச்சிடு" என்று நீங்களே சொல்லியிருந்தால், கேஸ் நிற்பது கஷ்டம்.

எனவே வெட்டும் முன்பும் பின்பும் படம் எடுங்கள். எந்தக் கிளை, எவ்வளவு என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூலிக்கு ரசீது கேளுங்கள். குரும்பாபேட்டை காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மரத்தின் நோவைச் சொல்லி யோசனை கேளுங்கள். பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ். ஆத்திரத்தில் மரத்தை விறகாக்கிவிடாதீர்கள். அதுதான் முதல் சாட்சி!

நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெயில் படும் பக்கம் சுண்ணாம்பு அடித்து, வேரைச் சுற்றிச் சருகு போட்டு, தண்ணீர் விடுங்கள். புதுத் துளிர் வந்தால் கொஞ்ச காலத்துக்கு அதில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.