சிறுநீரில் தசையின் கணக்கு

தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீங்க. நானும் முதலில் சிரித்தவன்தான்.

என் தாத்தாவின் எடை 52 கிலோ. அஞ்சு வருஷமாக அதே 52தான். "உடம்பு அப்படியே இருக்குடா" என்று அவருக்குப் பெருமை. ஆனால் தனியாளாகத் தூக்கிய நெல் மூட்டையை இப்போது அசைக்கக்கூட முடியவில்லை. சுகர் வேறு இருப்பதால், 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்து வரும்படி ஆஸ்பத்திரியில் ஒரு கேன் கொடுத்தார்கள்.

நம் தசையில் கிரியேட்டின் என்ற பொருள் இருக்கிறது. ஓடும்போது, தூக்கும்போது சட்டென்று சக்தி கொடுக்க உதவுவது அதுதான். தினமும் அதில் நூற்றுக்குச் சுமார் 2 பங்கு, கிரியேட்டினின் என்ற கழிவாக மாறிச் சிறுநீரில் போய்விடும். தசை அதிகமென்றால் இந்தக் கழிவும் அதிகம். ஒரே ஆளுக்கு இது நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை என்று ஓட்டோ ஃபோலின் என்பவர் 1905-ல் காட்டினார். ஒரு நாளில் 1 கிராம் வந்தால் உடம்பில் சுமார் 18 முதல் 20 கிலோ தசை. இது தோராயக் கணக்குதான். முந்தின நாள் ஆட்டுக்கறி சாப்பிட்டாலே கொஞ்சம் கூடிவிடும்!

காலையில் முதல் முறை போவதை விட்டுவிட வேண்டும். பிறகு மறுநாள் காலை முதல் முறை வரை ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். ரிசல்ட் 480 மில்லிகிராம் என்று வந்தது. "எல்லாம் பிடிச்சீங்களா பெரியவரே?" என்று டாக்டர் கேட்டார். தாத்தா தலையைச் சொறிந்தார். ஏரிக்கரைக் கழனியில் ரெண்டு தடவை போயிட்டாராம்!

மறுபடி பிடித்ததில் 700 வந்தது. அறிவியல் சாரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 13, 14 கிலோ தசைதான். வாலிப வயதில் ஆணின் எடையில் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு தசை இருக்குமாம். தாத்தாவின் எடைக்கு அது சுமார் 21 கிலோ. போன தசையின் இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்ததால் தராசு ஏமாந்துவிட்டது. புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு இருவருக்கும் 22.3. ஆனால் கொழுப்பு யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2!

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. தாத்தாவின் ரத்தத்தில் கிரியேட்டினின் 1.1. நார்மல்தானே என்று நிம்மதியாக இருந்தோம். தசை குறைந்தவருக்குக் கழிவு உண்டாவதே குறைவு. அதனால் சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் ரத்தத்தில் அளவு ஏறாமல் இருக்கலாம். ரத்தக் கணக்கையும் கேன் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், நிமிடத்துக்கு 44 மில்லி ரத்தம்தான் சுத்தமாகிறது. நல்ல வாலிபருக்கு 100 இருக்கும். மூட்டு வலிக்கு மெடிக்கலில் அவராகவே வாங்கிப் போட்ட மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார் டாக்டர். முதல் தடவை வந்த 480-ஐ நம்பியிருந்தால் 30 என்று பயந்திருப்போம்.

கேனை மட்டும் பாட்டி வீட்டுக்குள் விடவில்லை. மாட்டுக் கொட்டகையில் தொங்குகிறது.

– ஒரு மாணவன், 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு