துணைக்கு ஆள் இருந்தால் போதுமா? பாங்காக்கின் முதல் மூன்று நாட்கள்

தனியாக வெளிநாடு போகிறவருக்கு நூறு எச்சரிக்கை சொல்லி அனுப்புகிறோம். கணவன் மனைவியாகவோ இரண்டு தோழிகளாகவோ கிளம்பினால், ஒருத்தருக்கொருத்தர் துணை என்று நிம்மதியாகிவிடுகிறோம். தமிழகத்திலிருந்து பலரும் முதல் வெளிநாட்டுப் பயணமாகத் தேர்ந்தெடுக்கும் பாங்காக்கில், இந்த நிம்மதியே ஆபத்தாகிவிடக்கூடும். விலையும் வழியும் பிடிபடாத முதல் மூன்று நாட்களில், எதையும் மற்றவர் விசாரித்திருப்பார் என்று இருவருமே இருந்துவிடுகிறார்கள். இரண்டு பாஸ்போர்ட்டுகளும் மொத்தப் பணமும் கார்டுகளும் ஓட்டல் முகவரியும் ஒரே கைப்பையில் கிடக்கும். அந்தப் பை போனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிர்க்கதியாக நிற்பார்கள். துணை உண்மையிலேயே பாதுகாப்பாக அமைய வேண்டுமானால், இருவரில் ஒவ்வொருவரும் தனியாகச் சமாளிக்கும் அளவுக்கு ஆவணமும் பணமும் தகவலும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

பாங்காக் அரண்மனையைச் சுற்றிப் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஏமாற்று இதற்கு நல்ல சான்று. மதில் ஓரமாக, நேர்த்தியாக உடுத்திய ஒருவர் வந்து பேச்சுக் கொடுப்பார். இன்று பூஜை, பிற்பகலில்தான் திறப்பார்கள், அதற்குள் அருகிலுள்ள புத்தர் கோயில்களைப் பார்த்துவிடலாம் என்று, நம்பமுடியாத குறைந்த கட்டணத்தில் ஒரு டுக்-டுக்கைக் கைகாட்டி அழைப்பார். வழியில் ஒரு கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் இன்னொருவர் வருவார். இன்று மட்டும் அரசு தள்ளுபடியில் ரத்தினக்கல் கிடைக்கிறது, ஊரில் விற்றால் நல்ல லாபம் என்பார். கடைசியில் வண்டி நிற்கும் இடம் நகைக்கடை. வண்டிக்காரருக்குக் கடையிலிருந்து கமிஷனோ பெட்ரோல் கூப்பனோ கிடைக்கும். இருவராக இருப்பதால் இந்த வலையிலிருந்து தப்புவது சுலபமாகிவிடுவதில்லை. ஒருவர் ஆர்வமாகிவிட்டால், சந்தேகப்படும் மற்றவர் முதல் நாளே முகம் கோண வேண்டாமென்று வாயை மூடிக்கொள்கிறார். அரண்மனை வழக்கமாக எல்லா நாளும் காலை 8.30-க்குத் திறந்துவிடும், டிக்கெட் வாங்குவது 3.30-க்குள் முடிய வேண்டும். மூடியிருக்கிறதா என்பதை வாசலில் நிற்கும் காவலரிடம் கேளுங்கள், தெருவில் நிற்பவரிடம் கேட்காதீர்கள். இருவரில் யார் 'வேண்டாம்' என்றாலும் அங்கேயே நிறுத்திவிடுவோம் என்று புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பாஸ்போர்ட் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. இந்தியாவின் 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் உடைமை. அடமானம் வைக்க நமக்கே உரிமை கிடையாது. ஆனாலும் பட்டாயா கடற்கரையில் ஜெட்-ஸ்கீக்கும் வாடகை ஸ்கூட்டருக்கும் அதை ஈடாகக் கேட்பவர்கள் உண்டு. திருப்பித் தரும்போது, முன்பே இருந்த கீறலைக் காட்டிப் பெருந்தொகை கேட்பார்கள். பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருப்பதால் பேரம் பேசவும் வழியிருக்காது. பாஸ்போர்ட்டை ஈடாகக் கேட்கும் இடத்தில் வண்டி எடுக்காமல் திரும்பிவிடுவதே சரி. ஓட்டல்காரர் பாஸ்போர்ட்டைக் கேட்பது வேறு விஷயம்: வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது அவர் கடமை. அதற்கு விவரமோ நகலோ போதும். உங்கள் கண்ணெதிரே பதிந்துகொண்டு திருப்பித் தரச் சொல்லுங்கள்.

பணத்திலும் இதே பிரிப்பு வேண்டும். ஆளுக்கொரு வங்கியின் கார்டு இருக்கட்டும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியை ஊரிலேயே இயக்கி வையுங்கள். 2020 முதல் இந்தியக் கார்டுகளில் அது தானாக இயங்குவதில்லை. கடையிலோ ஏடிஎம்மிலோ ரூபாயா, தாய்லாந்து நாணயமான பாட்டா என்று கேட்டால் பாட்டைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் ஒரு துண்டு போய்விடும். சுவர்ணபூமி விமான நிலையத்தில் டாக்சிக்கு இயந்திரம் தரும் சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாதீர்கள். புகார் செய்ய வேண்டி வந்தால் வண்டியை அடையாளம் காட்டுவது அதுதான். மீட்டர் 35 அல்லது 40 பாட்டில் தொடங்கும். விமான நிலையக் கட்டணமாக 50 பாட் சேரும், சுங்கக் கட்டணம் தனி.

எல்லாவற்றையும் பிரித்து வைத்தால் இரண்டு பேரும் தொலைப்பார்கள், பொறுப்பான ஒருவரிடம் இருப்பதே மேல் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது நியாயமற்றதல்ல. ஞாபகமறதி உள்ளவரிடம் அசல் பாஸ்போர்ட் இருக்க வேண்டுமென்பதில்லைதான். ஆனால் இருவருடைய பாஸ்போர்ட், விமான டிக்கெட், காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் படங்கள் இருவருடைய செல்போனிலும் இருக்கலாமே? தாய்லாந்து மொழியில் அச்சிட்ட ஓட்டல் முகவரி அட்டையும் கொஞ்சம் ரொக்கமும் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருப்பதில் என்ன நஷ்டம்? எல்லாரையும் சந்தேகப்பட்டால் சுற்றுலா எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இதுவே. கையில் மாற்று ஏற்பாடு உள்ளவருக்கே அந்நியர்களிடம் சிரித்துப் பேசும் தைரியம் வரும்.

மொழி தெரியாத ஊரில் புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடத் தேவையில்லை. சுற்றுலாப் போலீசின் 1155 எண்ணில் ஆங்கிலத்தில் பேசலாம். மீட்டர் போட மறுக்கும் டாக்சி பற்றி 1584-இல் சொல்லலாம். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் அறிக்கை வாங்குங்கள். தூதரகத்துக்கும் காப்பீட்டுக்கும் அது தேவைப்படும். பிறகு சுகும்விட் 23-ஆம் சோயில் (கிளைத்தெருவில்) உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போனால், நாடு திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். கார்டில் உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். உங்கள் தவறில்லாமல் வெளியார் செய்த மோசடி என்றால், மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில்லை என்பது 2017-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதி. கைது என்று வந்தால், தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமையை 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தருகிறது. அதைக் கைதானவரே வாய்விட்டுக் கேட்க வேண்டும். எனவே 1155-ஐயும் தூதரகத்தின் அவசர எண்ணையும் இன்றே உங்கள் போனில் மட்டுமல்ல, உடன் வருபவர் போனிலும் பதிந்துவிடுங்கள். இரண்டையும் ஒரு தாளில் எழுதி இருவர் பையிலும் வையுங்கள்.