பாறைக் கரையோரம் ஒரு சிறு படகு

கட்டுமரம் உங்களுக்குத் தெரியும். மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. அலை அதன் மேல் ஏறும். மர இடுக்கு வழியே தண்ணீர் இறங்கிவிடும். அதனால் கட்டுமரம் மூழ்காது.

உலகின் வடகோடியில் வேறொரு சிறு படகு உண்டு. அதன் பெயர் கயாக். அது கட்டுமரத்துக்கு நேர் எதிர். அதன் மேல்பக்கமும் மூடியிருக்கும். உள்ளே தண்ணீர் போகவே கூடாது. நடுவில் ஒரு வாய் மட்டும் இருக்கும். ஆள் அதில் இறங்கிக் கால் நீட்டி உட்காருவார். துடுப்பு ஒன்றுதான். அதற்கு இரண்டு முனையிலும் இலை இருக்கும். இடம், வலம் என்று மாறி மாறிப் போட வேண்டும்.

இந்தப் படகைச் செய்தவர்கள் இனுவிட் மக்கள். கிரீன்லாந்து, வட கனடா, அலாஸ்கா ஆகியவை அவர்கள் வாழும் இடங்கள். அங்கே கடும் குளிர். படகு செய்ய மரம் வளராது. தொலைதூர ஆறுகளில் விழுந்த மரங்களைக் கடல் கொண்டு வந்து ஒதுக்கும். அதைப் பொறுக்கிப் படகுக்குச் சட்டம் செய்தார்கள். அதன் மேல் சீல் என்னும் கடல் விலங்கின் தோலைப் போர்த்தித் தைத்தார்கள்.

தைத்தவர்கள் பெண்கள். அவர்கள் குத்தும் ஊசி தோலின் மறுபக்கம் வராது. பாதித் தோலோடு திரும்பிவிடும். ஓட்டையே விழாத தையல் அது. வேட்டைக்குப் போன ஆணின் வீரத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அவன் உயிர் அந்தத் தையலில் இருந்தது. அதையும் பேசலாமே!

அளவு எடுக்க அளவுகோல் இல்லை. இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு நீளம் வரும் அல்லவா? அதைப் போல மூன்று மடங்கு படகின் நீளம். படகோட்டியின் இடுப்போடு இரண்டு கைமுட்டியைச் சேர்த்தால் வாயின் அகலம். ஆகவே ஒருவர் படகு மற்றவருக்குப் பொருந்தாது.

இன்று பிளாஸ்டிக்கிலும் கண்ணாடி இழையிலும் கயாக் வருகிறது. வேல்ஸ், ஸ்காட்லாந்து, நார்வே போன்ற இடங்களில் நண்பர்கள் கூட்டமாகப் போகிறார்கள். அங்கே கரையெல்லாம் பாறை. குகைகளும் உண்டு. பெரிய படகு நுழையாத சந்தில் கயாக் நுழைந்துவிடும்.

கரை பக்கத்தில் இருந்தால் பயமில்லை என்று நாம் நினைப்போம். பாறைக் கரையில் அது சரியல்ல. மணல் கரையில் அலை ஏறி ஓய்ந்துவிடும். செங்குத்துப் பாறையில் மோதிய அலை திரும்பி வரும். வரும் அலையும் திரும்பும் அலையும் சந்தித்தால் தண்ணீர் மேலே குதிக்கும். எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

தண்ணீருக்குள் மறைந்த பாறை இன்னும் மோசம். அங்கே சில நிமிடம் கடல் சும்மா கிடக்கும். பிறகு பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வரும். அதே இடம் வெள்ளையாகப் பொங்கும். அதனால் பழகியவர்கள் அவசரப்பட மாட்டார்கள். தள்ளி நின்று கடலைப் பார்ப்பார்கள். பெரிய அலைகள் வந்து போகட்டும் என்று காத்திருப்பார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சந்தைக் கடப்பார்கள்.

படகு கவிழ்ந்தால் என்ன ஆகும்? ஆள் தலைகீழாகத் தண்ணீருக்குள் இருப்பார். இனுவிட் வேட்டைக்காரர் வெளியே வர மாட்டார். துடுப்பைத் தண்ணீரில் அழுத்தி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டுவார். படகோடு சேர்ந்து நிமிர்ந்துவிடுவார். கிரீன்லாந்தில் இதற்குப் போட்டியே நடக்கிறது. நிமிர்வதற்கு 30-க்கும் மேற்பட்ட முறைகள் உண்டு!

எல்லோருக்கும் இது வராது. அப்படிப்பட்டவர் படகை விட்டு வெளியே வரத்தான் வேண்டும். பனிக்கட்டி போன்ற தண்ணீர் என்றால் முதல் 1 நிமிடம் மூச்சே நிற்காமல் திணறும். சுமார் 10 நிமிடத்தில் கைவிரல்கள் சொன்னபடி கேட்காது. 1 மணி நேரம் ஆனால் நினைவு தப்பலாம். மிதவைச் சட்டை போட்டிருந்தால்தான் அந்த 1 மணி நேரமும் கிடைக்கும்.

விழுந்தவர் படகை விடக் கூடாது. படகுக்கும் பாறைக்கும் நடுவில் இருக்கவும் கூடாது. அலை படகைத் தள்ளினால் நசுங்கிவிடுவார். ஆகவே படகின் கடல் பக்கம் வந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குள் நண்பர் ஒருவர் வருவார். கவிழ்ந்த படகின் முனையைத் தன் படகின் மேல் இழுப்பார். உள்ளே இருக்கும் தண்ணீர் கொட்டிவிடும். படகைப் புரட்டி நிமிர்த்துவார். இரண்டு படகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்வார். விழுந்தவர் பின்பக்கமாகத் தவழ்ந்து ஏறி, உள்ளே இறங்குவார். பழகிய கூட்டம் இதை ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடும்.

ஆனால் இந்த வேலை நடக்கும்போது இருவர் கையிலும் துடுப்பு இல்லை. அலை இரண்டு படகையும் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மூன்று பேருக்குக் குறைவாகப் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாமவர் அந்தப் படகுகளில் கயிற்றை மாட்டுவார். கடல் பக்கமாகத் துடுப்புப் போட்டு இழுத்துக்கொண்டே இருப்பார்.