வரம் யாருடையது?

1860ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் எழுதிய கடிதம் ஒன்றில், படிப்பவர் எளிதில் தாண்டிப் போய்விடக்கூடிய ஒரு சிறு தகவல் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியில் அவர் உருவாக்கிய கிறிஸ்தியான்பேட்டையில், அந்த ஜூன் மாதம் சிலர் தாங்கள் கற்றிராத பாஷைகளில் கடவுளைத் துதித்தார்கள் என்கிறார். அதோடு நிறுத்தவில்லை, அந்தப் பேச்சுக்குப் பொருளும் சொல்லப்பட்டது என்று சேர்த்துக்கொள்கிறார். அவருடைய பிள்ளைகள் வேறு சிலரோடு உறவினரைப் பார்க்க வேறு ஊர்களுக்குப் போனபோது அங்கும் இதே நடந்ததாக எழுதுகிறார். அங்கேயும் பாஷையைச் சொன்ன கையோடு பொருள் சொன்னதையும் சொல்கிறார். பரவசத்தை வியந்து எழுதுகிறவருக்கு இந்தப் பின்னொட்டு தேவையில்லை. அவர் ஏன் இரண்டு முறையும் அதைப் போட்டார்? ‘எனக்கு ஜெப வரம் இருக்கிறது’, ‘ஆண்டவர் என்னை ஊழியத்துக்கு அழைத்தார்’ என்று ஒரு கிறிஸ்தவர் சொல்லும்போது அதை எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்விக்கு அந்தப் பின்னொட்டில் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அருளப்பன் 1810இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸிடம் படித்தவர். பின்னர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரின் பழக்கத்தால், மிஷனெரி சங்கத்துச் சம்பளம் வாங்காமல், தேவையைக் கடவுளிடம் மட்டும் கேட்டு வாழ்வது என்று முடிவெடுத்தார். மாதச் சம்பளம் பெறும் உபதேசியார்களே இந்தியக் கிறிஸ்தவ ஊழியத்தின் முதுகெலும்பாக இருந்த காலம் அது. இந்த முடிவு சாதாரணமானதல்ல. 1860 மார்ச்சில் அவருடைய ஊரில் தொடங்கிய எழுப்புதல் சுற்று வட்டாரத்துக்குப் பரவியது. ஜனங்கள் நடுங்கினார்கள், வாய்விட்டு அழுதார்கள், பாவங்களை ஊரறியச் சொன்னார்கள், கூலி கேட்காமல் அக்கம்பக்கத்து ஊர்களில் பிரசங்கிக்கப் போனார்கள். அமெரிக்காவிலும் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலும் சற்று முன்பு நடந்த எழுப்புதல்களின் செய்திகள் இங்கே வந்திருந்தன என்பது உண்மைதான். ஆனாலும் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறப்பிடமாகச் சொல்லப்படும் லாஸ் ஏஞ்சலிஸின் அசுசா தெருக் கூட்டங்கள் தொடங்கியது 1906இல். அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்க் கிராமத்தில், வெள்ளைக்காரர் எவரும் தலைமை தாங்காமல், இவை நடந்திருக்கின்றன. அந்நிய பாஷை அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று சொல்பவர்கள் இந்தக் கடிதங்களை ஒருமுறை பார்க்கலாம். யார் முந்தி என்ற போட்டியில் எனக்கு அக்கறை இல்லை; அந்தக் கிராமம் அதை எப்படிக் கையாண்டது என்பதில்தான் அக்கறை.

‘வரம்’ என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. நம் புராணக் கதைகளில் வரம் என்பது தவம் இருந்து பெறுவது. இரணியன் தவம் செய்தான், பெற்றான்; பெற்ற பிறகு அது அவனுடைய சொத்து. பஸ்மாசுரனோ கொடுத்தவர் தலையிலேயே கைவைத்துப் பார்க்கப் போனான். நாற்பது நாள் உபவாசம் இருந்தவருக்கு வல்லமை கூடுதல் என்று பல கிறிஸ்தவர்களும் நம்புவதற்கு, இந்தச் சொல்லோடு ஒட்டிவந்த பழைய வாசனையும் ஒரு காரணமாக இருக்கலாம். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ‘கரிஸ்மா’. அது ‘கரிஸ்’, அதாவது கிருபை என்ற சொல்லிலிருந்து வந்தது. உழைத்துச் சம்பாதித்தது என்ற பொருளுக்கு அதில் இடமே இல்லை. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியம் இதை ‘அருள்கொடை’ என்கிறது. அது இன்னும் நெருக்கமான சொல். ஆனால் ஜெபக் கூட்டங்களில் ‘வரம்’ வேரூன்றிவிட்டது. நானும் அதையே எழுதுகிறேன், இந்த எச்சரிக்கையோடு.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது ஏறத்தாழ கி.பி. 55இல். துறைமுக வியாபாரம் கொழித்த அந்த நகரத்தில், ஆராதனை நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் அந்நிய பாஷை பேசினார்கள். பேசத் தெரியாதவர்கள் கூனிக் குறுகினார்கள். முதல் நிருபத்தின் 12 முதல் 14 வரையான மூன்று அதிகாரங்கள் இந்தச் சிக்கலுக்கு எழுதிய பதில். அவர் வரங்களை மறுக்கவில்லை. தானும் பாஷைகளில் பேசுகிறவன்தான் என்கிறார். ஆனால் சபையில் பாஷை பேசுகிறவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர் பின் ஒருவராக. பொருள் சொல்ல ஆள் இல்லையென்றால் அமைதியாக இருந்து தனக்கும் கடவுளுக்கும் மட்டும் பேசிக்கொள்ள வேண்டும். தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களுக்கும் அதே எண்ணிக்கை. அவர்கள் சொல்வதை மற்றவர்கள் நிதானித்துப் பார்க்க வேண்டும். அருளப்பனின் பின்னொட்டு இங்கிருந்து வருகிறது. மிஷனெரிகள் சிலர் முகம் சுளித்த ஒரு பரவசத்தின் நடுவிலும், தமிழ் வேதாகமத்தைப் படித்திருந்த அந்த மனிதர், பவுல் கொரிந்தியருக்கு விதித்த நிபந்தனையைத் தன் ஊருக்கும் பொருத்திப் பார்த்திருக்கிறார். அவருக்குப் பாஷை மட்டும் போதவில்லை. கூடியிருந்தவர்களுக்கு அது என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்பதும் வேண்டியிருந்தது.

என் வாதம் இதுதான். அழைப்பு ஒரு ஆளுக்கு வரலாம். அந்தரங்கத்தில் வரலாம், அழுகையோடு வரலாம், அவருக்கு மட்டும் கேட்கும் குரலாகக்கூட வரலாம். ஆனால் வரம் அந்த ஆளின் உடைமை ஆவதில்லை. பவுலின் கணக்கில் அது சபையின் பொதுச் சொத்து, அந்த ஆள் அதை வைத்திருக்கும் கை மட்டுமே. பொதுச் சொத்துக்குத் தணிக்கை உண்டு. தணிக்கை வேண்டாம் என்கிற கணத்தில் அது வேறு ஏதோவாக மாறிவிடுகிறது. பவுலின் பட்டியல்களும் இதற்குச் சாட்சி. அற்புதத்தையும் பாஷையையும் சொல்கிற அதே மூச்சில் உதவி செய்வதையும் நிர்வாகம் செய்வதையும் சேர்க்கிறார். ரோமருக்கு எழுதியதில் தானம் கொடுப்பதும் இரக்கம் காட்டுவதும்கூட வரங்கள். சபைக் கணக்கு எழுதுகிறவரையும் நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோகிறவரையும் மேடையேற்றி ‘அபிஷேகம் பெற்றவர்’ என்று நாம் அறிமுகப்படுத்துவதில்லை. பவுல் அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

தணிக்கை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 1873 முதல் 1875 வரை திருவிதாங்கூரில் பெரிய எழுப்புதல் ஒன்று எழுந்தது. அதன் முன்னணியில் இருந்தவர் யுஸ்துஸ் ஜோசப், வித்வான் குட்டி என்று அறியப்பட்டவர். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். அவர் இயற்றிய மலையாளக் கிறிஸ்தவப் பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன. ஆராதனைக்கு அவர் தந்தது உண்மையான கொடை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆறு ஆண்டுகளில், 1881இல், கிறிஸ்து திரும்பி வருவார் என்ற தீர்க்கதரிசனமும் அந்த வட்டத்திலிருந்தே புறப்பட்டது. நம்பியவர்கள் தாய்ச் சபையை விட்டு வெளியேறினார்கள். ஊரார் அவர்களை ஆறாண்டுக்காரர் என்று அழைத்தார்கள். வருடம் வந்தது, போனது. ஒரே வட்டத்திலிருந்து வந்த பாட்டு நிலைத்தது, கணக்கு பொய்த்தது. பாட்டை ஆயிரம் பேர் பாடிப் பார்த்து ஏற்றார்கள். கணக்கை நிதானித்துப் பார்க்கும் வேலையை, கடைசியில், காலண்டர்தான் செய்தது.

இதெல்லாம் வெறும் மனக்கிளர்ச்சி, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் சான்றும் இருக்கிறது. மொழியியலாளர் வில்லியம் சாமரின் 1972இல் வெளியிட்ட ஆய்வில், அந்நிய பாஷைப் பேச்சு பெரும்பாலும் பேசுகிறவரின் சொந்த மொழி ஒலிகளால் ஆனது, ஒரு மொழிக்குரிய இலக்கண அமைப்பு அதில் இல்லை என்று காட்டினார். 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ நியூபெர்க் குழுவினர் பாஷை பேசும் ஐந்து பெண்களின் மூளையைப் படமெடுத்தார்கள். பேச்சையும் செயலையும் நாமே நடத்துகிற உணர்வோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதியின் இயக்கம், அவர்கள் சாதாரணமாகப் பாடியபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தது. ஐந்து பேர் மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் முடிவை அப்படியே ஏற்றாலும், பாஷையில் ஜெபிக்கும்போது தன் புத்தி வேலை செய்வதில்லை என்று பவுலே எழுதிவைத்ததற்கு அது எதிராகப் போகவில்லை. புத்தி ஒதுங்கி நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் சபையில் பதினாயிரம் வார்த்தை பாஷையில் பேசுவதைவிட ஐந்து வார்த்தை புரியும்படி பேசுவது மேல் என்ற முடிவுக்கு வந்தார். மூளைப்படம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லும். எங்கிருந்து வருகிறது என்பது விசுவாசத்தின் கேள்வி, எதற்குப் பயன்படுகிறது என்பது சபையின் கேள்வி. கடைசிக் கேள்விக்கு விசுவாசியும் அவிசுவாசியும் ஒரே மேசையில் உட்கார்ந்து பதில் தேட முடியும்.

வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன என்பது இன்னொரு பக்கத்து மறுப்பு. பிரின்ஸ்டன் இறையியலாளர் வார்ஃபீல்ட் 1918இல் இதை விரிவாக வாதித்தார். இந்த வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் பாஷைகளின் காலம் கடந்துவிட்டது என்று முன்பு எழுதியிருந்த அகுஸ்தீனாரே, தம் கடைசிக் காலத்தில் எழுதிய கடவுளின் நகரம் நூலில், தம் ஊரில் நடந்த குணமாதல்களைப் பெயர், இடம் சொல்லி நீளமாகப் பதிவு செய்திருக்கிறார். அவரே முழு உறுதியோடு கதவைச் சாத்தவில்லை.

உண்மையிலேயே கனமான மறுப்பு வேறொன்று. நிதானித்துப் பார்க்கிறோம் என்ற பெயரில் திருச்சபைகள் வரலாறு நெடுக யாருடைய வாயை அடைத்தன? ஏழைகளின் வாயை, பெண்களின் வாயை, பட்டம் பெறாதவர்களின் வாயை. அருளப்பனின் ஆசிரியர் ரேனியஸே இதற்குச் சான்று. திருநெல்வேலியில் நூற்றுக்கணக்கான கிராமங்களில் சபைகள் வளரக் காரணமான அவர், உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கும் முறை பற்றியும் ஆங்கிலத் திருச்சபையை விமர்சித்து எழுதியது பற்றியும் எழுந்த தகராறில் 1835இல் தம் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். அப்படியொரு சங்கத்திடம் வரத்தைச் சோதிக்கக் கொடுத்தால் என்ன மிஞ்சும்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் பவுல் நிதானிக்கச் சொன்னது யாரை என்று திரும்பப் பார்க்க வேண்டும். ஆயரை அல்ல, சங்கத்தை அல்ல, ‘மற்றவர்களை’. கூட உட்கார்ந்து ஜெபித்தவர்களை, அடுத்த முறை தாங்களே பேசப் போகிறவர்களை. அதே கொரிந்தியரில், பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடக்கிற காரியமாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறார். பெண்கள் பேசாமல் இருக்கட்டும் என்று பிறகு வரும் பகுதியோடு இது எப்படிப் பொருந்தும் என்று அறிஞர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். மேலிருந்து வரும் தணிக்கையும் பக்கத்தில் இருப்பவரின் தணிக்கையும் ஒன்றல்ல. முதலாவது ஆவியை அவித்தது பல முறை. அதற்குப் பயந்து இரண்டாவதையும் தூக்கி எறிந்தவர்கள், வல்லமையுள்ள ஒரே ஒரு தலைவரின் கையில் போய்ச் சேர்ந்தார்கள்.

இன்றைய பெருங்கூட்டங்களில் அதைக் காணலாம். ஒலிபெருக்கி ஒருவர் கையில். பெயர் சொல்லி, வியாதி சொல்லி, விசா கிடைக்கும் என்று சொல்லித் தீர்க்கதரிசனம் ஓடுகிறது. திரை ஓரத்தில் காணிக்கைக்கான வங்கிக் கணக்கு எண்ணும் ஓடுகிறது. கூடியிருப்பவர்களுக்கு ஆமென் சொல்லும் உரிமை உண்டு, நிதானிக்கும் உரிமை இல்லை. அடுத்த ஆண்டு அதே மைதானத்தில், சென்ற ஆண்டு சொன்னதில் எது பலித்தது என்று எழுந்து கேட்பவர் அவிசுவாசி ஆகிறார். அந்த ஊழியர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவரைப் பற்றியதல்ல என் குறை. இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் பேச, மற்றவர் எடைபோடும் ஓர் அறையைக் கற்பனை செய்துதான் பவுல் விதிகள் எழுதினார். பத்தாயிரம் நாற்காலி போட்ட மைதானத்தில் அந்த விதிகளுக்கு உட்கார இடமில்லை.

இதற்கு மாறான காட்சியும் நம் நாட்டிலேயே உண்டு. பண்டித ரமாபாய் புனே அருகே கேட்காவில் நடத்திய முக்தி இல்லத்தில் 1905இல் எழுப்புதல் வந்தபோது, விதவைகளும் பஞ்சத்தில் அநாதைகளான பெண்களும்தான் அழுதார்கள், ஜெபித்தார்கள், பாஷை பேசினார்கள். பாஷை பேசினால்தான் ஆவியைப் பெற்றதற்கு அடையாளம் என்ற கோட்பாட்டை ரமாபாய் ஏற்கவில்லை. பேசுகிறவர்களைத் தடுக்கவும் இல்லை. அந்த வருடங்களிலேயே அவர் எபிரேயமும் கிரேக்கமும் படித்து, எளிய மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1922இல் அவர் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து முழு வேதாகமம் வெளிவந்தது. முக்தியின் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்து அதை அச்சிட்டவர்கள் அந்த இல்லத்துப் பெண்கள்.