பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏற்ற பிரேக் பேட்

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலையிலிருந்து 1962-ஆம் ஆண்டு முதல் 1980-ஆம் ஆண்டு வரை வெளிவந்த எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார், தன் காலத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாராகி, இன்றும் பல தேசங்களில் பழங்கார்ப் பிரியர்களின் அக்கறையான பராமரிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வைத்திருப்பவர் என்ஜினைச் சீர்படுத்தி, கார்புரேட்டர்களைச் சுருதி கூட்டி, வண்டி பழைய உற்சாகத்தோடு பாயத் தொடங்கியதும், அந்த வேகத்தை அடக்கும் சாதனத்தின்மேல் இயல்பாகவே கவனத்தைத் திருப்புகிறார். அப்போது அவர் மனத்தில் எழும் முதல் விருப்பம், பந்தய வண்டிகளில் உபயோகிக்கும் உயர்ந்த ரக பிரேக் பேட்களை வாங்கிப் பொருத்திவிட வேண்டும் என்பதே. விருப்பம் நியாயமானதுதான். ஆனால், பேட் எவ்வளவு புகழ் பெற்றது என்பதைக் காட்டிலும், தம் வண்டியின் பிரேக் எவ்வளவு உஷ்ணத்தில் வேலை செய்யப் போகிறது என்பதையே அவர் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பிரேக் என்பது அடிப்படையில் ஓர் உஷ்ண யந்திரம். ஓடும் வண்டியின் இயக்கச் சக்தி அழிந்துபோவதில்லை. பேட்டும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டும் உராயும் இடத்தில் அது வெப்பமாக மாறுகிறது. ஓட்டுபவரோடு சேர்த்து எம்.ஜி.பி.யின் எடை சுமார் 1,000 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அவ்வண்டியை ஒரு முறை முற்றிலும் நிறுத்தினால் ஏறக்குறைய 386 கிலோஜூல் சக்தி வெப்பமாகிறது; ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகம் 160 கிலோமீட்டர் ஆனால் சக்தி ஒன்றரை மடங்காக அல்ல, இரண்டரை மடங்குக்கும் மேலாகப் பெருகிவிடுகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சக்தி கூடுவதே இதற்குக் காரணம். நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், இந்த வெப்பத்தில் பெரும்பகுதியை முன்சக்கரங்களின் இரு டிஸ்க்குகளே ஏற்க நேர்கிறது. ஒவ்வொரு டிஸ்க்கும் நான்கு கிலோ வார்ப்பிரும்பு என்றும், பத்தில் ஏழு பங்கு வெப்பம் முன்பக்கம் சேர்கிறது என்றும் வைத்துக் கணக்கிட்டால், ஒரே ஒரு முறை நிறுத்துவதில் டிஸ்க்கின் உஷ்ணம் சுமார் 70 டிகிரி கூடிவிடும். இக்காலத்து டிஸ்க்குகளில் இரு தட்டுகளுக்கு நடுவே காற்றோடும் வழிகள் உண்டு. அக்காலத்து டிஸ்க்குகளோ திண்ணமான ஒற்றைத் தட்டுகள், ஆகையால் ஏறிய சூடு இறங்க அதிக நேரம் பிடிக்கும்.

நகரத்துச் சாலையில் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே அந்தச் சூடு பெரும்பாலும் காற்றில் கலைந்துபோகும். மலைப்பாதையில் கதை வேறு. இத்தாலியின் ஆல்ப்ஸ் பிரதேசத்தில், 2,757 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்டெல்வியோ கணவாயிலிருந்து பிராட்டோ என்ற கிராமத்தை நோக்கி இறங்கும் சாலையில் 48 கொண்டைஊசி வளைவுகள் உண்டு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஐரோப்பியர்கள் ஆயுளில் ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் பாதை அது. கிராமம் சுமார் 1,840 மீட்டர் தாழ்வில் இருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து நம் 1,000 கிலோ வண்டி இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 47 முறை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். என்ஜினும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். கீழ்க்கியரில் பொறுமையாக இறங்குபவருக்கு அந்தப் பங்கு பெரிது, வளைவுக்கு வளைவு வேகமெடுத்துக் கடைசி கணத்தில் பெடலை அழுத்துபவருக்கு மிகச் சிறிது. ஒரே வண்டி, ஒரே பாதை. ஆயினும் ஓட்டுபவரின் சுபாவத்துக்கேற்ப இருவருக்கும் வெவ்வேறு பேட் தேவைப்படுகிறது.

டிஸ்க் பிரேக்கின் எண்ணம் 1902-லேயே பர்மிங்ஹாமைச் சேர்ந்த பிரெடரிக் லாஞ்செஸ்டர் பெற்ற காப்புரிமையில் இருந்தபோதிலும், அதன் மகிமையை உலகம் உணர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-ஆம் ஆண்டு பிரான்சின் லே மான் நகரில் நடைபெற்ற 24 மணிநேரப் பந்தயத்தில், டன்லப் டிஸ்க் பிரேக்குகள் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வண்டியை ஓட்டி டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் வெற்றி பெற்றார்கள். சராசரி வேகம் மணிக்கு நூறு மைலைத் தாண்டியது அந்தப் பந்தயத்தில் அதுவே முதல் தடவை. அந்தப் பந்தயத் தடத்தின் மல்சான் நேர்ச்சாலையின் கோடியில், சுழலும் உருளையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் டிரம் பிரேக் பூட்டிய எதிரிகள் முன்னதாகவே வேகத்தைக் குறைக்க நேர்ந்த இடத்திலும் ஜாகுவார் வண்டிகளால் இன்னும் சிறிது தூரம் முழு வேகத்தில் சென்று பிறகு பிரேக் பிடிக்க முடிந்தது. அதுவும் விடிய விடிய, மணிக்கு மணி, பலம் குன்றாமல். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் டிரம்களையே நம்பியிருந்த மெர்ஸிடிஸ் கம்பெனியார், அவற்றின் பாரத்தைக் குறைக்க வண்டியின் பின்புறம் காற்றைத் தடுக்கும் ஒரு பெரிய பலகையை நிமிர்த்தும்படி ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. 1956-இல் டிரையம்ஃப் டி.ஆர்.3, 1961-இல் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் கொண்ட ஜாகுவார் இ-டைப் என்று, பந்தயத்தின் வரப்பிரசாதம் சாதாரணச் சாலைக்கு வந்து சேர்ந்தது.

டிஸ்க்கைப் பற்றும் பேட்டின் வரலாறு இதற்கும் மூத்தது. 1897-இல் டெர்பிஷையர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் குதிரை வண்டிகளுக்காகத் தொடங்கிய பிரேக் கட்டைத் தொழிலே ஃபெரோடோ கம்பெனியாக வளர்ந்தது. பிற்காலத்தில் உராய்வுப் பொருளின் பிரதான அங்கமாயிற்று கல்நார். வெப்பத்தைத் தாங்கும் அதன் குணத்துக்கு ஈடு அக்காலத்தில் வேறு கிடைக்கவில்லை. இன்றைய பேட்டில் கல்நாருக்குப் பதிலாகக் கெவ்லார் முதலிய அராமிட் இழைகளும், கண்ணாடி இழையும், எஃகு அல்லது செம்பு நாரும், கிராஃபைட்டும், உராயும் கனிமப் பொடிகளும் சேர்கின்றன; இவை யாவற்றையும் ஃபீனாலிக் ரெசின் என்ற செயற்கைப் பிசின் பிணைத்துவைக்கிறது. எந்தப் பொருள் எவ்வளவு என்பது ஒவ்வொரு கம்பெனியாரும் காத்துவரும் இரகசியம்.

அந்தப் பிசின்தான் நம் விஷயத்தின் நடுநாயகம். பேட்டின் உஷ்ணம் அதன் சக்திக்கு மீறும்போது பிசின் சிதைந்து வாயுவை வெளியிட, அவ்வாயு பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குலைக்கிறது. பெடல் கல்லைப்போல் உறுதியாக இருந்தும் வண்டி நிற்க மறுக்கிறது. அடுத்தடுத்த வளைவுகளில் பிரேக் சோர்ந்துபோவதாக ஓட்டுபவர்கள் சொல்லும் அபாயம் இதுவே. அதைத் தடுப்பதற்காகப் பந்தயக் கலவைகளில் உலோகமும் கரிப்பொருளும் மிகுத்து, மிக உயர்ந்த உஷ்ணத்திலும் சிதையாதபடி செய்கிறார்கள். ஆனால் அந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. கடும் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட சில பேட்கள் 200 டிகிரி சென்டிகிரேட் அளவுக்குச் சூடேறிய பின்பே தம் முழுப் பிடிப்பையும் காட்டுகின்றன. 1960-களின் பந்தயங்களில் கீர்த்தி பெற்ற ஃபெரோடோ டி.எஸ்.11 கூடக் குளிர்ந்த நிலையில் மந்தமானதே. காலையில் கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்து, முதல் நாற்சந்தியில் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும் கணத்தில், பேட் சூடேறட்டும் என்று காத்திருக்க யாருக்கும் அவகாசம் இல்லை. அதோடு அப்பேட்கள் கீச்சென்று அலறும். டிஸ்க்கையும் விரைவில் தேய்க்கும். வார இறுதியில் கிராமப்புறச் சாலையில் உலாவும் வண்டிக்கு அவற்றைப் பூட்டுவது, அவ்வண்டியை அதன் பழைய பேட்டோடு விட்டிருப்பதைக் காட்டிலும் ஆபத்தானது என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, குளிர்ந்த நிலையிலேயே பிடித்து, மலையிறக்கத்தின் சூட்டிலும் தளராத நடுத்தரக் கலவையையே சாலை வண்டிக்கு நாட வேண்டும். மின்டெக்ஸ் எம்.1144, ஃபெரோடோ டி.எஸ்.2500 போன்றவை, விரைவான சாலைப் பிரயாணத்தையும் எப்போதாவது ஒரு நாள் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்ப்பதையும் மனத்தில் கொண்டு கலக்கப்பட்டவை. பழங்கார் வைத்திருப்போர் நடுவே நெடுநாளாகப் பழக்கத்தில் உள்ளவை. அமெரிக்கச் சந்தைக்கு வரும் பேட்களின் விளிம்பில் இரண்டு எழுத்துக்கள் பொறித்திருப்பதையும் கவனிக்கலாம். முதல் எழுத்து சாதாரண உஷ்ணத்திலும், இரண்டாவது எழுத்து மிகுந்த உஷ்ணத்திலும் அளந்த உராய்வுக் கெழுவைக் குறிக்கும். ‘இ’ என்ற ஆங்கில எழுத்து 0.25 முதல் 0.35 வரையும், ‘எஃப்’ 0.35 முதல் 0.45 வரையும், ‘ஜி’ 0.45 முதல் 0.55 வரையும் உள்ள நிலை. இரண்டு இடத்திலும் ‘எஃப்’ என்றிருந்தால், அந்தச் சோதனையின் அளவில் சூடேறியும் பிடிப்பு பெரிதாக மாறவில்லை என்று அறியலாம். இது சிறு துண்டை வைத்துச் செய்யும் பரீட்சை. வண்டியில் பூட்டியபின் நடப்பது முழுவதையும் இது சொல்லிவிடாது.

உராய்வுக் கெழு உயர்ந்த பேட்டினால் நிச்சயமாகக் கிடைக்கும் நன்மை ஒன்று உண்டு. ஆரம்பகால எம்.ஜி.பி.யில் பிரேக்குக்குத் துணைசெய்யும் சர்வோ இல்லை; ஓட்டுபவரின் காலே முழுப் பலத்தையும் கொடுக்க வேண்டும். அத்தகைய வண்டியில் சற்றே அதிகப் பிடிப்புள்ள பேட், பெடலை அழுத்தும் பிரயாசையைக் கண்கூடாகக் குறைக்கும். ஆயினும் அதனால் வண்டி நிற்கும் தூரம் தானே குறைந்துவிடும் என்று எண்ணுவது பிசகு. சக்கரம் உருளாமல் இறுகிப்போகும் அளவுக்கு பிரேக் ஏற்கெனவே வலுவாயிருந்தால், அதற்குமேல் தூரத்தைத் தீர்மானிப்பது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்பே. உலர்ந்த சாலையில் அந்தப் பிடிப்பின் கெழு 0.8 என்றால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கக் குறைந்தது சுமார் 49 மீட்டர் வேண்டும்; எந்தப் பேட்டாலும் அதைச் சுருக்க இயலாது. இறுகிப்போன பழைய டயர்களோடு விலையுயர்ந்த பேட்டைச் சேர்ப்பவர் பணத்தைத் தவறான இடத்தில் செலவிடுகிறார்.

முன்பின் சமநிலையும் மறக்கத் தகாதது. எம்.ஜி.பி.யின் முன்சக்கரங்களில் 10.75 அங்குல டிஸ்க்குகளும், பின்சக்கரங்களில் 10 அங்குல டிரம்களும் உள்ளன. முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்பதை எண்ணிப் பார்த்தே அதை வடிவமைத்தவர்கள் அளந்து அமைத்திருக்கிறார்கள். முன்பக்கப் பேட்டை மட்டும் வன்மையாக்கினால் முன்சக்கரங்கள் முந்தி இறுகி, திருப்பும் திசைக்கு வண்டி வராது. பின்பக்க டிரம்மின் ஷூக்களை வன்மையாக்கினாலோ பின்சக்கரங்கள் முதலில் இறுகி வண்டியின் வால் சுழலும். இரண்டில் இதுவே பெருங்கேடு. ஆதலால் முன்பக்கம் மிதமான மாற்றமே செய்து, பின்பக்கத்தைத் தொழிற்சாலை வகுத்தபடி விட்டுவைப்பது நல்லது.

புதிய பேட்டைப் பூட்டியவுடன் அதை முழுப் பலத்தோடு அழுத்தக் கூடாது. புதிய தோசைக்கல்லை எண்ணெயிட்டுச் சூடேற்றிப் பழக்குவதுபோல, பேட்டின் பொருள் ஒரு மெல்லிய சீரான படலமாக டிஸ்க்கின்மேல் படியும்படி அதைப் பழக்க வேண்டும். போக்குவரத்தில்லாத சாலையில், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30 வரை, முற்றிலும் நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை மிதமாக வேகத்தைக் குறைத்து, பின் சில கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுவது பொதுவான முறை. பேட் செய்தவர் வேறு முறை கூறியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். சூடான நிலையில் பெடலை அழுத்தியபடி வண்டியை நிறுத்திவைத்தால், அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்து, பின்னர் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் அதிரும்.

பேட்டை மாற்றும் நாளிலேயே, பேட்டை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன்களையும் பரிசோதிக்க வேண்டும். மாதக்கணக்கில் நிற்கும் பழங்கார்களில் பிஸ்டன் துருவேறி இறுகி, ஒரு பக்கத்துப் பேட் மாத்திரம் தேய்வது சர்வசாதாரணம். பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 என்ற தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி, ஈரம் ஏறியபின் அது 155 டிகிரி வரை தாழலாம். உலோகம் மிகுந்த பேட் வெப்பத்தை எளிதாகப் பிஸ்டனுக்குக் கடத்துவதால், அத்தகைய பேட்டைப் பூட்டுபவர் ஆயிலைப் புதுப்பிக்காமல் விட்டால், மலையிறக்கத்தில் ஆயில் கொதித்துப் பெடல் தரைவரை அமிழ்ந்துவிடக்கூடும். ஜாகுவார் இ-டைப் வைத்திருப்பவருக்கு இன்னுமொரு சிரமம்: அதன் பின்பக்க டிஸ்க்குகள் சக்கரத்தருகே இல்லாமல் உள்ளே டிஃபரன்ஷியலை ஒட்டி அமைந்திருப்பதால் காற்றோட்டம் குறைவு, அங்கே தேங்கும் வெப்பம் ஆயில் சீலைக் கெடுத்து, கசியும் ஆயில் பேட்டின் மேலேயே படியும். அந்த இடத்தை அணுகுவதே பெரும்பாடு ஆகையால், அங்கே மெதுவாகத் தேயும் பேட்டைத் தேர்வது விவேகம்.

பழைய கடைகளின் அலமாரியிலிருந்து, அக்காலத்துப் பெட்டியிலேயே பிரிக்கப்படாத பேட்கள் சில சமயம் விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் அசல்தன்மையில் மயங்கி வாங்கிப் பூட்டலாகாது. அவற்றில் கல்நார் இருக்கக்கூடும். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் உயிர்க்கொல்லி நோய்களை உண்டாக்குவதால், 1999-இல் பிரிட்டனில் எஞ்சியிருந்த வெள்ளைக் கல்நாரின் உபயோகமும் தடுக்கப்பட்டது. நெடுங்காலம் திறக்கப்படாத டிரம்மைக் கழற்றும் மெக்கானிக், உள்ளேயிருக்கும் தூசியைக் காற்றுக்குழாயால் ஊதாமலும், உலர்ந்த துணியால் தட்டாமலும், நன்றாக ஈரப்படுத்தித் துடைத்து, துடைத்த துணியைப் பையிலிட்டு மூடிவிட வேண்டும்.